அடிச்சேற்றில் உறங்கும் பாதரசம்

கேள்வி: ஆலை மூடிப் பல ஆண்டுகளாகியும் ஏரியின் அடிச்சேற்றில் பாதரசம் இருக்கிறது. தூர் வாரிவிட்டால் தீராதா?

பதில்: கண்டபடி வாரினால் நிலைமை மோசமாகும். ஆக்சிஜன் எட்டாத அடிச்சேற்றில் பாதரசம் கந்தகத்தோடும் மட்கிய பொருள்களோடும் பிணைந்து கிடக்கிறது. கிளறியதும் நுண்துகள்கள் அதைச் சுமந்துகொண்டு நீரோட்டத்தோடு போகும். சேற்றின் இடுக்குகளில் தேங்கிய நீரும் மேலே கலக்கும்; பாதரசத்தின் கொடிய நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் அதில் கரைந்திருக்கும். ஆக்சிஜன் பட்டால் இரும்பு சல்பைடு சிதைந்து, தான் பிடித்து வைத்திருந்த பாதரசத்தில் ஒரு பகுதியை விட்டுவிடும். ஆக்சிஜனற்ற இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் இதை மெத்தில் பாதரசமாக்கினால், அது மீனின் சதையில் சேரும். சமைத்தாலும் போகாது.

கேள்வி: பாதுகாப்பாக அகற்றுவது எப்படி?

பதில்: சேற்றை அள்ள மூடிய வாளி அல்லது உறிஞ்சு குழாய் வேண்டும், சுற்றிலும் வண்டல் தடுப்புத் திரை கட்ட வேண்டும். ஆனால் திரை துகளைத்தான் தடுக்கும், கரைந்த பாதரசத்தை அல்ல. அதனால் நீரின் கலங்கலை அளக்கும் கலங்கல்மானியை மட்டும் நம்பக் கூடாது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த நீர், வடிக்காத நீர் இரண்டையும் சோதியுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: வாரிய சேற்றிலிருந்து வடியும் நீரைச் சுத்திகரிக்காமல் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் இருந்த சேற்றை அகற்றி அடைத்து மூடும் வேலை 1977 முதல் 1990 வரை நீண்டது. அரிப்பில்லாத அமைதியான நீர்நிலையென்றால், வாராமல் மணலும், பாதரசத்தை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரியும் பரப்பி மூடுவதே பல நேரங்களில் மேல்.