ஐந்து வாட் போதுமா? பழைய ஹோர்ன் ஸ்பீக்கரும் வால்வு அம்பும்: கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய ஹோர்ன் ஸ்பீக்கர்கள் இன்னும் வீட்டுக் கொட்டில்களிலும் கோயில் களஞ்சிய அறைகளிலும் கிடக்கின்றன. இரும்பு விலைக்குப் போக முன்னம் அவற்றைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. குறைந்த வாட் வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வைத்திருப்பவர் புதுச் சாமான் வாங்க ஓடுமுன், இருக்கிற ஸ்பீக்கரில் சத்தம் எங்கே வீணாகிறது என்று தேடி அடைக்க வேணும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான்.

கல்முனை: அண்ணன், பழைய தியேட்டர் ஒன்றை உடைச்ச நேரம் ஒரு சோடிப் பெட்டி எடுத்தன். மேலே ஹோர்ன், கீழே 15 அங்குல வூபர், கடதாசிக் கோன். அதைக் கழட்டிப்போட்டு 500 வாட் புது வூபர் போடுவமா? என்ட அம்ப் ஒற்றை இஎல்84 வால்வு, 5 வாட்.

போடாதீங்க தம்பி. 500 வாட் என்று எழுதியிருப்பது அந்த வூபர் (பாஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர்) எரியாமல் தாங்கும் அளவு. எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உணர்திறன்: ஒரு வாட் கொடுத்து, ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. நல்ல தியேட்டர் பெட்டி 100 டெசிபலை அண்டி நிற்கும். கனத்த கோனும், அதை அசைக்கும் நீளக் கம்பிச் சுருளும் (கொயில்) உள்ள கார் வூபர் 88 தந்தாலே பெரிய விஷயம். இடையில் 12 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்கும் என்பதால் அது 16 மடங்கு. இன்றைக்கு 5 வாட்டில் கேட்கிற அதே சத்தத்துக்கு 80 வாட் வேணும்.

இந்தப் பெட்டிகள் பிறந்த காலத்தையும் நினைத்துப் பாருங்க. பேசும் படம் வந்த தொடக்கத்தில், 1926இல், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பனி 555 என்ற டிரைவரை (ஹோர்னின் பின்னால் இருந்து சத்தத்தை உண்டாக்கும் பகுதி) கொண்டுவந்தது. ஒரு மண்டபம் முழுக்கச் சத்தம் போக வேணும், கையில் இருந்ததோ சில வாட் அம்ப். அந்த நெருக்கடியில்தான் ஹோர்ன் இவ்வளவு உணர்திறனோடு வளர்ந்தது. 1945இல் வந்த ஆல்டெக் கம்பனியின் வாய்ஸ் ஒஃப் த தியேட்டர் ஸ்பீக்கரும் அதே வழிதான். உங்கள் சின்ன அம்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. 100 டெசிபல் பெட்டியில் ஒரு மீற்றரில் 80 டெசிபல் கேட்க நூறில் ஒரு பங்கு வாட் போதும். மிச்சமெல்லாம் மத்தளத்தின் அடி திடீரென்று எழும்பும்போது தேவைப்படும் கையிருப்பு.

இன்னொரு காரணமும் இருக்கு. பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி விட்டுப் பிழை திருத்துவது) இல்லாத வால்வு அம்பின் வெளியீட்டுத் தடை கூட. வூபர் கொயிலின் தடை 6 ஓம், அம்பின் தடை 3 ஓம் என்றால், வூபரின் மின் கியூ (கோனின் ஆட்டத்தை மின்சாரம் எவ்வளவு தளர்வாக அடக்குகிறது என்ற எண்) ஒன்றரை மடங்காகிவிடும். பலமான காந்தம் உள்ள பழைய வூபரில் கியூ ஏற்கெனவே குறைவு, அதனால் அந்த உயர்வு பாஸைக் கொஞ்சம் நிரப்பி நன்மையே செய்யும். தளர்ந்த காந்தமுள்ள புது வூபரில் அதே உயர்வு பாஸைத் தொளதொளக்க வைக்கும்.

கோனில் கிழிசல் இருந்தால் மெல்லிய டிஷு கடதாசியும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் வைத்து ஒட்டுங்க. ஓரத்து மடிப்பும் கடதாசிதான் என்றால் அப்படியே இருக்கட்டும். றப்பர் ஓரம் போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளுக்குக் கொடுத்தால் கோன் பாரமாகி, மேலே சொன்ன டெசிபல் அங்கேயே போய்விடும்.

ஆரையம்பதி: அப்பா சவுண்ட் சேர்விஸ் நடத்தினவர். கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு தென்னையில கட்டுற ஹோர்ன் ரெண்டு இருக்கு. வால்வு அம்பில பாட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்க. வாய் விட்டம் 50 சென்ரிமீற்றர் என்றால் சுற்றளவு 1.57 மீற்றர். ஒலி அலையின் நீளம் அந்தச் சுற்றளவைத் தாண்டினதும் ஹோர்ன் பிடியை விட்டுவிடும். கணக்குப் போட்டால் 220 ஹேர்ட்ஸ் அளவில். அதற்குக் கீழே பாஸ் வராது. மேலேயும் மடித்த குழாய்க்குள் உயர் சுரங்கள் தொலைந்துவிடும். ஊருக்கே கேட்ட குரல் வீட்டு அறைக்குள் காதைக் கிழிப்பது அதனால்தான்.

செய்யக்கூடியது: பின்னால் உள்ள யூனிட்டை, அதாவது டிரைவரை, திருகிக் கழட்டுங்க. பெரும்பாலும் மரை 1⅜ அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி. அதே மரையுள்ள நேரான ஹோர்னில் அந்த யூனிட்டை ஏற்றி, 500 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை மட்டும் வேலை வாங்கி, கீழே வூபரும் மேலே உயர் சுரத்துக்கு ட்வீட்டரும் சேர்த்தால் குரல் அற்புதமாக வரும். யூனிட்டுக்குள் அல்லது அடைப்புக்குள் 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமர் (நீள வயரில் பல ஹோர்ன்களை ஓட்டப் போடுவது) இருந்தால் அதை விலக்கி நேரே கொயிலுக்கு வயர் கொடுங்க. அப்பாவின் சாமானை வெட்டாமல், பழையபடி மாட்டக்கூடிய மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

காத்தான்குடி: அண்ணன், ஒரு பக்க ஹோர்ன் மட்டும் கரகரக்குது, சத்தமும் குறைவு. டயப்பிரம் மாத்தணுமா?

மாற்றுமுன் திறந்து பாருங்க நானா. டயப்பிரம் என்பது கொயிலோடு ஒட்டி, அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு. டயப்பிரம் வளையத்துக்கும் உடலுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் திருகைக் கழட்டுங்க, திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்கார வேணும். டயப்பிரத்தைத் தூக்கினதும் கொயில் ஓடுகிற வட்டப் பள்ளம் தெரியும், அகலம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். கரகரப்பு அனேகமாக அங்கேதான் இருக்கும். மாஸ்கிங் டேப்பைப் பசைப் பக்கம் வெளியே வரும்படி மெல்லிய மட்டையில் சுற்றி, பள்ளத்துக்குள் இறக்கி மெதுவாகச் சுற்றி வாங்க. முதற் சுற்றிலேயே கறுப்புத் தூளும் செம்மண் நிறத் துருச் செதிலும் ஒட்டிக்கொண்டு வரும். டேப் வெள்ளையாக வரும் வரை புதுத் துண்டு மாற்றி மாற்றிச் செய்யுங்க. இரும்பு ஸ்குறூட்றைவரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், காந்தம் கையிலிருந்து பறித்து டயப்பிரத்தில் அடிக்கும்.

பிறகு மீற்றரில் கொயிலை அளந்து பாருங்க. 8 ஓம் டிரைவர் 6 ஓம் அளவு காட்ட வேணும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கு, அப்போது மட்டும் புது டயப்பிரம். 16 ஓம் டிரைவருக்கு 8 ஓம் டயப்பிரம் வாங்கி வராதீங்க, சுரங்களை வூபருக்கும் ஹோர்னுக்கும் பிரித்துவிடும் குறோஸ்ஓவர் சுற்றின் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும்.

காந்தம் அல்னிகோ (பழைய உலோகக் கலவைக் காந்தம்) என்றால் அதை உடலிலிருந்து பிரிக்கவே கூடாது. பிரித்த கணமே காந்தசக்தியில் ஒரு பங்கு போய்விடும், பூட்டிய நிலையில் திரும்பக் காந்தமேற்ற வேணும். ஹோர்னுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள வாஷரையும் பாருங்க. காற்றுக் கசிந்தால் சத்தம் அங்கேயே விரயம்.

திருக்கோவில்: குறோஸ்ஓவருக்கு விலைகூடின கப்பாசிற்றர் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

பழைய எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து போயிருக்கும், அதை மாற்றத்தான் வேணும். நல்ல பொலிபுறொப்பிலீன் போதும், பெயருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அளவுதான் முக்கியம். எளிய ஒற்றைக் கப்பாசிற்றர் வடிகட்டிக்கு 159155ஐ ஓமாலும் ஹேர்ட்ஸாலும் வகுத்தால் மைக்ரோபரட் வரும். 8 ஓம் டிரைவர், 800 ஹேர்ட்ஸ் என்றால் 25.

உண்மையான விரயம் வேறு இடத்தில். ஹோர்ன் டிரைவர் வூபரைவிடச் சத்தமானது என்பதால் ரெசிஸ்டர் போட்டு அடக்கிவிடுவார்கள். 5 வாட்டில் ஒரு பங்கை ரெசிஸ்டரில் சூடாக்கி என்ன லாபம்? ஒட்டோட்ரான்ஸ்போமர் (ஒரே சுருளில் பல முனைகள் எடுத்து, சூடாக்காமல் வோல்ட்டைக் குறைப்பது) போடுங்க. கிளிப்ஷ் கம்பனி தன் ஹோர்ன் ஸ்பீக்கர்களில் செய்தது அதைத்தான். 6 டெசிபல் குறைக்கும் முனையில் 8 ஓம் டிரைவர் அம்புக்கு 32 ஓமாகத் தெரியும், அம்புக்குச் சுமை குறையும். கப்பாசிற்றரும் நாலில் ஒரு பங்காகி 6.2 மைக்ரோபரட்டில் முடியும், அந்தச் சின்ன அளவில் நல்லதாக வாங்கக் காசும் மிஞ்சும்.

ஏறாவூர்: பாட்டு நின்றால் 'ம்ம்' என்று இரைச்சல். சாதாரண ஸ்பீக்கரில கேட்கல்ல.

உணர்திறன் கூடின ஸ்பீக்கர் அம்பின் எல்லாக் குறையையும் சொல்லிவிடும். இரைச்சல் 50 ஹேர்ட்ஸா 100 ஹேர்ட்ஸா என்று முதலில் பிரித்தறியுங்க, போனில் ஹேர்ட்ஸ் காட்டும் அப் (app) ஒன்றே போதும். 100 என்றால் பவர் சப்ளை, வடிகட்டிக் கப்பாசிற்றர் தளர்ந்திருக்கு. 50 என்றால் ஹீட்டர் வயர் அல்லது எர்த் சுற்று. ஹீட்டர் வயர் இரண்டையும் இறுக்கி முறுக்கி, சசியின் (அம்பின் உலோகத் தட்டு) மூலையோடு ஒட்டி இழுங்க. 2ஏ3 போன்ற வால்வில் ஹம் பொட் (இரைச்சலைக் குறைக்கத் திருப்பும் குமிழ்) இருந்தால் அதை மெதுவாகத் திருப்பி ஆகக் குறைந்த இடத்தில் விடுங்க.

வாழைச்சேனை: அண்ணா, நானே அம்ப் பூட்டப்போறன். வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லைதானே?

பயம் இருக்கத்தான் வேணும் தங்கச்சி. ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் உள்ள 300 வோல்ட் வீட்டு லைனிலிருந்து பிரிந்தது. அது உங்கள் உடம்பினூடாக ஓடினால் ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தெரியவே வராது. பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிற்றர் அந்த வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்பால் மாட்டி வடியவிட்டு, மீற்றர் சுழியம் காட்டினதைக் கண்ணால் கண்ட பிறகே உள்ளே கை வைக்க வேணும். அளக்கும்போது மற்றக் கை பொக்கெட்டுக்குள். தனியே இருக்கும் நேரத்தில் வேலை செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒருவர் சுவிட்ச் எது என்று தெரிந்து இருக்கட்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் அம்பைப் போட்டுப் பாட்டு விடவும் கூடாது, வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் உள்ளுக்குள் வெடித்துப் போகும்.

கல்லடி: கடல் பக்கம் வீடு. எல்லாம் கறள் பிடிக்குது.

மாரி தொடங்குமுன் முனைகளைக் கழட்டிச் சுரண்டி, புதிதாக ஈயம் வையுங்க. திருகுகளைத் துருப்பிடியாத உருக்குக்கு மாற்றுங்க. கிழமைக்கு ஒருக்காவாவது ஸ்பீக்கரைப் பாட வையுங்க, அம்பின் சூட்டில் அறை ஈரமும் கொஞ்சம் வற்றும். பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டை கொடுத்து உயர்த்தினால் கறையானும் தெரியவரும்.

அக்கரைப்பற்று: 2ஏ3யா 300பியா?

ஒற்றை 2ஏ3 வால்வு மூன்றரை வாட், 300பி வால்வு எட்டு வாட். வித்தியாசம் 3.6 டெசிபல்தான், விலையோ பல மடங்கு. 100 டெசிபல் பெட்டி, சாதாரண அறை என்றால் நான் 2ஏ3 பக்கம். மிச்சக் காசை நல்ல வெளியீட்டு ட்ரான்ஸ்போமருக்குக் கொடுங்க.

காரைதீவு: 16 ஓம் ஸ்பீக்கர், அம்பில 8 ஓம் முனைதான் இருக்கு. பூட்டலாமா?

தாராளமாக. வால்வு இரட்டிப்புத் தடையைக் காணும், வாட் கொஞ்சம் குறையும், சுத்தம் கூடும். மறுபக்கம், 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டுவதைத் தவிருங்க.