ஐ7 லேப்டாப், ஐ5 டெஸ்க்டாப்: வீடியோ எடிட்டிங்குக்கு எது வேகம்?

கேட்டவர் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறார். இன்டெல்லின் கோர் ஐ7 1355யூ ப்ராசஸர் போட்ட லேப்டாப், கோர் ஐ5 13400 ப்ராசஸர் போட்ட டெஸ்க்டாப், இந்த இரண்டில் ஒன்றை வாங்க வேண்டும். இரண்டு ப்ராசஸரிலும் 10 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பத்துப் பகுதிகள். உச்ச வேகம் லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ், டெஸ்க்டாப்பில் 4.6. போதாததற்கு ஐ7 என்ற பெயர் வேறு. அப்படியென்றால் லேப்டாப்தானே வேகம் என்கிறார்.

இல்லை. எடிட்டிங்குக்கு அந்த ஐ5 டெஸ்க்டாப்தான் வேகம், அதுவும் நன்றாகவே தெரியும் அளவுக்கு.

முதலில் அந்த 10 கோரை எடுத்துக்கொள்வோம். இன்டெல்லின் இந்தத் தலைமுறையில் கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கனமான வேலைக்குப் பெரிய கோர், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சின்ன கோர் என்று இரண்டு வகை. 1355யூவில் பெரியது 2, சின்னது 8. 13400-இல் பெரியது 6, சின்னது 4. பெரிய கோர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட், அதாவது இரண்டு வேலை வரிசை, ஓட்டும்; சின்னது ஒன்றுதான். ஆக லேப்டாப்பில் 12 த்ரெட், டெஸ்க்டாப்பில் 16. கடை அட்டையில் இதையெல்லாம் போட மாட்டார்கள். '10 கோர்' என்று மட்டும்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம் வாட். எல்லாமே இங்கேதான் தீர்மானமாகிறது. 1355யூ தொடர்ந்து ஓடுவதற்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை மின்திறன் 15 வாட். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 55 வாட் வரை போகலாம். 13400-க்கு அடிப்படையே 65 வாட், உச்சம் 148. லேப்டாப்பில் ஒரு வேலையை ஆரம்பித்ததும் ப்ராசஸர் பாய்ந்து ஓடும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அந்தச் சலுகை முடிந்து, கூலிங் தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும். நல்ல கூலிங் இருக்கிற மாடலில் கம்பெனியே 20, 25 வாட் என்று கொஞ்சம் கூட்டி வைத்திருக்கும். மெல்லிய மாடலில் அதற்கும் வழி இருக்காது. மே மாதத்து ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். ஃபேன் உள்ளே இழுப்பதே சூடான காற்று. ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பொய் கிடையாது. பிரவுசர் திறப்பது, ஒரு ஃபைலைத் தேடுவது, எக்செல்லில் கணக்குப் போடுவது எல்லாம் ஓரிரு கோரில் கண நேரத்தில் முடிகிற வேலைகள். அங்கே இந்த லேப்டாப் டெஸ்க்டாப்புக்குச் சமமாக நிற்கும், சில சமயம் முந்தவும் செய்யும். கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாததற்கு இதுதான் காரணம். ஆனால் ஒரு முகூர்த்த வீடியோவை முழுசாகக் கலர் சரிசெய்து எக்ஸ்போர்ட் போட்டால், முதல் அரை நிமிடம் முடிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.

அதற்காக நான்கு மடங்கு வாட் என்றால் நான்கு மடங்கு வேகம் என்று கணக்குப் போடக் கூடாது. வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காக டெஸ்க்டாப் ப்ராசஸர் நிறைய மின்சாரத்தைக் கொட்டுகிறது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்தால் லேப்டாப் ப்ராசஸர் கெட்டிக்காரன்.

கூலிங் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சாட்சி, 2020-இல் வந்த ஆப்பிளின் எம்1. அதே சிப்பை மேக்புக் ஏரில் ஃபேன் இல்லாமலும் மேக் மினியில் ஃபேனோடும் போட்டார்கள். சின்ன வேலைகளில் இரண்டும் ஒன்று. நீண்ட, கனமான வேலையில் ஏர் சூடாகிப் பின்தங்கும்.

பெயரை நம்பி ஏமாறுவது புதிதில்லை. 2015-இல் வந்த ஐ7 5500யூ லேப்டாப் ப்ராசஸரில் இருந்தது இரண்டே கோர். அப்போது டெஸ்க்டாப் ஐ5-இலேயே நான்கு இருந்தது. இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியிலும் கவனம் தேவை. ரைசன் 5 7520யூ என்று 7000 வரிசையில் வருவதன் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. மாதத் தவணையில் பணம் கட்டி, இதை வைத்துத் தொழில் தொடங்கப் போகிற பிள்ளைகளிடம் "ஐ7 சார், டாப் மாடல்" என்று சொல்லி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

சரி, கல்லூரிக்கும் மண்டபத்துக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், லேப்டாப்தான் வழி என்றால்? மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூ என்றால் பேட்டரிக்காகச் செய்தது. ஹெச் என்றால் அடிப்படையே 45 வாட். ஐ5 13500ஹெச் எடுத்தால் பெரிய கோர் 4, சின்னது 8. எடிட்டிங்கில் அந்த ஐ7 1355யூவை இந்த ஐ5 தாண்டிவிடும். ஹெச்எக்ஸ் என்பது டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்கு மாற்றியது. விலை, எடை, சத்தம் மூன்றுமே கூடுதல். எதை வாங்கினாலும் கனமான வேலையை சார்ஜர் போட்டே செய்யுங்கள், பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தை இறக்கிவிடும். முடிந்தால் கடையிலேயே ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள்.

வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்வதாக இருந்தால் 13400 டெஸ்க்டாப்பையே எடுங்கள், கூடவே ஒரு யுபிஎஸ்ஸும். எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் இன்னொன்று: விலை குறைகிறதே என்று 13400எஃப் வாங்கிவிடாதீர்கள். எஃப் மாடலில் உள் கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் இன்டெல்லின் குவிக் சிங்க் வசதியும் இந்த ப்ராசஸரில் கிடைக்காது.