பூட்டு இருக்கட்டும், பதிவேடு யார் கையில்?

எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை உளவுத்துறை பற்றியவையே மிகுதி. கடந்த இதழில் நான் எழுதிய சிறு பதில் ஒன்று அதற்குக் காரணம்: உளவு அமைப்புகளின் மீது நாடாளுமன்றத்துக்கு ஒரு பிடி இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தேன். வந்தவற்றுள் நான்கு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2020 ஜனவரி 8 இரவு எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரம் முழுவதும் இருட்டுவதற்குள் கடையடைத்தவர்கள் நாங்கள். உளவுத்துறை திடமாக இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. எம்.பி.க்களிடம் சொன்ன ரகசியம் மறுநாளே டீக்கடைக்கு வந்துவிடாதா?
— கடைக்காரர், களியக்காவிளை

உங்கள் அச்சம் நியாயமானது, அண்ணாச்சி. தகவல் தருபவர் யார், யாரை எந்த வீட்டில் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், நாளை எந்த வண்டியை மறிக்கப் போகிறார்கள் என்பவை வெளியே வந்தால் உயிர்கள் போகும். அவற்றை மறைத்து வைப்பதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை.

சிறுவயதில், விளவங்கோட்டுப் பக்கம் ஓர் ஊர்க்கோவிலில் திருவாபரணப் பெட்டியைத் திறந்து சரிபார்ப்பதைத் தூணோரம் நின்று பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி பூசை செய்யும் போற்றியிடம், மற்றொன்று கோவில் நிர்வாகியான ஸ்ரீகாரியத்திடம். ஆண்டுக்கொரு முறை வெளியூரிலிருந்து ஓர் அலுவலர் வந்து, பழுப்பேறிய மகசரை, அதாவது நகைப் பதிவேட்டை விரித்து, காசுமாலை, பதக்கம் என ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்து, தராசில் இட்டு எடை பார்த்து, பக்கவாட்டில் சிவப்பு மையால் குறியிடுவார். இரவில் அந்தப் பெட்டி எந்த அறைக்குப் போகிறது என்பது ஊரில் எவருக்கும் தெரியாது. ஆனால் எடை பார்க்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். போற்றி மேல் ஐயம் கொண்டு அந்த ஏற்பாட்டைச் செய்ததாக ஊரில் யாரும் நினைக்கவில்லை. பெட்டியில் ஒரு மணி குறைந்தாலும் பழி போற்றியின் தலையில்தான் விழும் என்பதால், மகசர் அவருக்கும் காவலாகவே இருந்தது.

நாடாளுமன்றக் கண்காணிப்பு என்று நான் சொல்வதும் இத்தகைய எடை பார்த்தலைத்தான். பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற உளவு மற்றும் பாதுகாப்புக் குழுவில், இரு அவைகளிலிருந்தும் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அலுவல் ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கைகளில் அவர்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. அறிக்கை முதலில் பிரதமரிடம் செல்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு தரும் பகுதிகள் நீக்கப்பட்ட பிறகே அவைக்கு வருகிறது. அச்சான அறிக்கையைப் புரட்டினால், வரிக்கு நடுவே மூன்று நட்சத்திரக் குறிகள் தென்படும். இங்கே ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படிப்பவர் கண்ணாலேயே காண முடிகிறது. நாம் அறியாத முறையும் அன்று இது: கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, பாதுகாப்புக் கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது. அதனால் நாட்டுக்கு எந்தக் கேடும் விளையவில்லை.

அமெரிக்காவில் 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் நடந்த விசாரணையில், வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்களும், குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்ததும், மார்ட்டின் லூதர் கிங்கை வேவு பார்த்ததும் வெளிப்பட்ட பிறகுதான், 1976-இல் செனட்டிலும் 1977-இல் பிரதிநிதிகள் அவையிலும் நிலையான உளவுக் குழுக்கள் அமைந்தன. மிக நுட்பமான நடவடிக்கைகளை இரு கட்சித் தலைவர்களும் குழுத் தலைவர்களும் அடங்கிய எட்டுப் பேரிடம் மட்டும் சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. கசிவு பற்றிக் கேட்டீர்கள். 2013-இல் அந்நாட்டை உலுக்கிய பெருங்கசிவு, அமைப்புக்குள்ளேயே ஒப்பந்தப் பணியில் இருந்த ஒருவரால் நேர்ந்தது. எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் அதற்குக் காரணமல்லர்.

ஆயினும் குழு அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே 2013 மார்ச்சில் செனட் குழு, கோடிக்கணக்கான குடிமக்களின் தரவுகள் திரட்டப்படுகின்றனவா என்று வெளிப்படையாகவே கேட்டபோது, உளவுத்துறைத் தலைவர் இல்லை என்றார். அது உண்மையன்று என்பது மூன்று மாதங்களில் வெளியாயிற்று. கேட்பவர்களுக்கு ஆவணங்களைப் பார்க்கும் அதிகாரம் இல்லாவிட்டால், கேள்வி காற்றோடு போய்விடும்.

திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஐ.பி. எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியராலும் பதில் சொல்ல முடியவில்லை.
— மாணவி, பாறசாலை

உங்கள் ஆசிரியர் மேல் குற்றமில்லை, அம்மா. சொல்வதற்கு அப்படியொரு சட்டமே இல்லை. ஐ.பி. எனப்படும் உளவுப் பணியகம் தன் தொடக்கத்தை 1887-இல் காண்கிறது. வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ‘ரா’ அமைப்பு 1968 செப்டம்பரில் ஓர் அரசு முடிவால் பிறந்தது. இரண்டின் கடமைகளையும் எல்லைகளையும் வகுக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, மத்தியப் பட்டியலின் எட்டாம் பதிவில் மத்திய உளவு மற்றும் புலனாய்வுப் பணியகத்தைக் குறிப்பிடுகிறது; அது சட்டம் இயற்றலாம் என்ற அனுமதிதானே தவிர, இயற்றப்பட்ட சட்டம் அன்று. 1985-ஆம் ஆண்டு உளவு அமைப்புகள் சட்டமோ ஊழியர்கள் சங்கம் சேர்வதையும் பத்திரிகைகளிடம் பேசுவதையும் தடுக்கிறது. அமைப்பு குடிமகனிடம் எவ்வளவு தூரம் வரலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. களியக்காவிளை வழக்கை ஏற்றுக்கொண்ட தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வெற்றிடம் எவ்வளவு ஆழமானது என்பது 2013-இல் ஒருமுறை தெரிந்தது. சி.பி.ஐ. உருவானது 1963-ஆம் ஆண்டின் ஓர் உள்துறைத் தீர்மானத்தால்தான், அது சட்டமாகாது என்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. மூன்றே நாளில், ஒரு சனிக்கிழமையன்று, தலைமை நீதிபதியாக இருந்த பி. சதாசிவத்தின் இல்லத்திலேயே விசாரணை நடந்து அத்தீர்ப்புக்குத் தடை வழங்கப்பட்டது. அவ்வளவு அவசரம் காட்டத் தெரிந்த அரசுகளுக்கு, அதன்பின் சட்டம் இயற்ற நேரம் கிடைக்கவில்லை. 2011-இல் மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா உளவு அமைப்புகளுக்குச் சட்ட அடிப்படையும் நாடாளுமன்றக் கண்காணிப்பும் கேட்டது, அதுவும் சட்டமாகவில்லை.

இன்றைக்கு நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது சிறிதே. உள்துறை நிலைக்குழு மானியக் கோரிக்கையைப் பார்க்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு என்று சொல்லி, ஓர் ஆவணத்தைக் குழுவிடம் தர அரசு மறுக்கலாம் என்று மக்களவை விதி 270 சொல்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பில், 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, உள்துறைச் செயலர் ஆணையிடுகிறார், செயலர்கள் குழு அதை மறுபார்வை செய்கிறது. ஆணையிடுபவரும் பார்ப்பவரும் அதே நிர்வாகத்தின் ஆட்கள். கோவில் கதையில் சொன்னால், போற்றியின் மைத்துனரே மகசரில் குறியிடுவது போன்றது இது. இந்த நிலை எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் எங்கள் ஊரில் பிறந்தவர். நீங்கள் சொல்லும் குழு அன்றைக்கு இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பாரா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

இந்தக் கேள்விக்காகவே இப்பகுதியை எழுத உட்கார்ந்தேன், ஐயா. 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் ஒரு மாலத்தீவுப் பெண் கைதானதில் தொடங்கி, நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன் கைதானார். ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எந்திரத் தொழில்நுட்பத்தை விற்றார் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தொழில்நுட்பமோ அன்று இந்தியாவிடமே இல்லை. கேரளக் காவல்துறையினரோடு ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். ஐம்பது நாள் அளவுக்குக் காவலில் இருந்தார். 1996-இல் சி.பி.ஐ. இது ஆதாரமற்றது என்று அறிக்கை தந்தது. 1998-இல், மாநில அரசு தொடங்கிய மறுவிசாரணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதோடு பழி நீங்கியது. ஆனால் பழி சுமத்தியது யார் என்ற கேள்வி அப்படியே கிடந்தது. 2018 செப்டம்பர் 14 அன்றுதான் 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கும், நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் ஒரு குழுவுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. அதே வழக்கில் கைதான இன்னொருவர் அந்தச் செப்டம்பரிலேயே காலமானார். 2021-இல் அக்குழுவின் அறிக்கையைப் பெற்ற நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, 2024-இல் முன்னாள் காவல் அதிகாரிகள் மீதும் ஐ.பி.யின் முன்னாள் அதிகாரி மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்கள் குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

குழு இருந்திருந்தாலும் கைதைத் தடுத்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நடப்பு விசாரணையில் இத்தகைய குழுக்கள் கை வைப்பதில்லை. ஆனால் 1996-இல் சி.பி.ஐ. அறிக்கை வந்தவுடன், மூடிய அறையில் அந்த விசாரணைக் குறிப்புகளை வரவழைத்து, இதை எழுதியது யார், எந்த ஆதாரத்தின் பேரில் எழுதினார், மேலதிகாரி யார் என்று கேட்கும் உரிமை பிரிட்டனில் உள்ளதுபோன்ற குழுவின் ஒன்பது பேருக்கு இருந்திருக்கும். அந்தக் கேள்வியைத் தனி மனிதர் ஒருவர், தன் காசில் வழக்கறிஞர் வைத்து, நடுவயதில் தொடங்கி முதுமை வரை கேட்க நேர்ந்தது. 1994-லிருந்து 2018 வரை 24 ஆண்டுகள். குற்றமற்றவர் என்று தீர்ந்த பிறகும், 1998-இலிருந்து இருபது ஆண்டுகள் அவர் ஏன் நீதிமன்றப் படி ஏற வேண்டும்? நல்ல உளவு அதிகாரிகளும் இதனால் இழந்தது சிறிதன்று. பிழை செய்தவர் யார் என்று தெளிவாகாத வரை, ஐயம் அமைப்பு முழுவதன் மேலும் படிந்தது.

பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு வந்த சாதாரண உடை போலீஸ்காரர், எதிர்க் கடையில் என் மகனைப் பற்றி ஏதோ விசாரித்து, சின்ன டைரியில் எழுதிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டுவிட்டது. அவர் என்ன எழுதினார் என்று நான் அறிய முடியுமா?
— இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

டைரியில் உள்ளதை அப்படியே பெறுவது அரிது, அம்மா. ஆனால் மறுப்பின் காரணத்தைக் கேட்கும் உரிமை உங்கள் மகனுக்கு உண்டு. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 5(3)-இன்படி, மறுக்கும் அதிகாரி காரணத்தைச் சுருக்கமாக எழுத்தில் பதிய வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால் நகல் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, பொதுநலன் போன்றவற்றைக் காரணம் காட்டி மட்டுமே நகலை மறுக்கலாம். பிரிவு 11-இன்கீழ் மேல்முறையீடும் செய்யலாம். காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 24, மாநில அரசு தன் உளவுப் பிரிவுகளை அறிவிக்கை மூலம் விலக்கி வைக்க இடம் தருகிறது. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. மனித உரிமை மீறல் தகவல் என்றால் மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுடன் 45 நாளில் தர வேண்டும். வந்தவர் பணம் கேட்டிருந்தாலோ உங்கள் மகனை மிரட்டியிருந்தாலோ, தேதியும் நேரமும் குறிப்பிட்டு, எதிர்க் கடைக்காரரின் கையெழுத்தையும் வாங்கி விண்ணப்பியுங்கள். முதலில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பிரிவு 5(3)-ஐக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.