“காணவே இல்ல தம்பி” – மலைப்பாதையில் கவனம் தப்பிய சாரதிகளும் பைக் ஓட்டும் நாமும்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்தில் லேனர்ஸ் (சாரதிப் பயிற்சி நிலையம்) ஒன்றில் பைக்கும் வேனும் ஓட்டப் பழக்குகிறேன். போனிலோ பேச்சிலோ வேடிக்கையிலோ கவனத்தை விட்ட சாரதிகளால் பைக் ஓட்டுபவர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நம் நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை, நம் வீட்டுப் பிரச்சினை.

கேள்வி (கொட்டகலை): மாஸ்டர், மல்லியப்பு சந்தியில நேரா போய்க்கிட்டிருந்தேன். பக்கத்துல நின்ன வேன்காரர் என்னை நேராப் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே வண்டிய வெளியே எடுத்தாரு. மயிரிழையில தப்பினேன். கேட்டா “காணவே இல்ல தம்பி”ங்கிறாரு. பொய்தானே?

பதில்: பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை தம்பி. பயப்பட வேண்டியதே அதற்குத்தான். கண் உங்கள் மேல் பட்டிருக்கும், மனம் பட்டிருக்காது. 1999ல் அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்து வந்து, நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைக் கவனிக்கவே இல்லை. சந்தியில் நிற்கும் வேன்காரரின் மனம் பஸ்ஸையும் லொறியையும் தேடுகிறது. அதோடு போன் பேச்சும் சேர்ந்தால் உங்களுக்கு அங்கே இடமே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி இருக்கிறதே, அது ஒரு பைக்கை ஆளோடு முழுசாக மறைத்துவிடும். இரண்டு வண்டியும் ஒரே சீராக ஒரே இடத்தை நோக்கி வந்தால், கடைசி வரைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நீங்கள் இருப்பீர்கள். அடுத்தது, சின்ன உருவம் தூரத்தில் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். “இன்னும் நேரம் இருக்கு” என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். 1981ல் வெளிவந்த ஹேர்ட் அறிக்கை, லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. பைக்கும் வேறு வாகனமும் மோதியவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, மற்ற வண்டி பைக்கின் வழியில் குறுக்கே வந்ததால் நடந்தவை.

அதனால் சந்தியில் நிற்கும் வண்டியைக் கண்டால் சாரதியின் கண்ணை நம்பாதீர்கள், முன் சில்லைப் பாருங்கள். கண் பொய் சொல்லலாம், சில்லு அசைந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். அக்சலேட்டரை விட்டு பிரேக்கில் விரலை வையுங்கள். உங்கள் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் இடமோ வலமோ நகருங்கள். அந்த அசைவில் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள், பார்ப்பவர் கண்ணிலும் படுவீர்கள். பகலிலும் லைட் எரியட்டும், டிம்மில்.

கேள்வி (டிக்கோயா): முன்னால போற டிரைவர் போன்ல இருக்கார்னு பின்னாலேருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். நேர் ரோட்டில் காரணமில்லாமல் வேகம் குறையும், பிறகு கூடும். நடுக்கோட்டுப் பக்கம் மெல்லச் சரிந்து, திடீரென்று வெட்டி உள்ளே வரும். வளைவுக்கு முன்னால் பிடிக்க வேண்டிய பிரேக்கை வளைவுக்குள் போய்ப் பிடிப்பார். இரவில் முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கும். இப்படி ஒரு வண்டியைக் கண்டால் முந்த அவசரப்படாதீர்கள். ஹோர்ன் அடித்துச் சண்டைக்கும் போகாதீர்கள். இடைவெளியைக் கூட்டுங்கள். பின்னால் வருபவர் அப்படி என்றால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவரை முன்னால் அனுப்பிவிடுங்கள்.

இங்கே நம் மலையகத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் இருக்காது. ஏற்றம் ஏறி, மேட்டு வளைவில் திரும்பியதும் சிக்னல் வரும். அதுவரைக்கும் தேங்கி நின்ற வாட்ஸ்அப் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். டிரைவரின் சட்டைப்பையோ டாஷ்போர்டோ விடாமல் சத்தம் போடும். கை தானாகப் போகும், கண்ணும் பின்னால் போகும். ரோட்டிலேயே மோசமான இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் அவர் குனிந்து பார்க்கிறார். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டி செக்கனுக்கு 11 மீற்றர் போகும். இரண்டு செக்கன் குனிந்தால் 22 மீற்றர். நம்முடைய எத்தனையோ வளைவுகளின் மொத்த நீளமே அவ்வளவுதான்.

உங்கள் தோட்டத்தில் போன் பேச எல்லோரும் எந்த இடத்தில் போய் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடம் ரோட்டோரமாக இருந்தால், அங்கே எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் உங்களைக் காணவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பழகுகிற பிள்ளைகளுக்கு, பாதையில் சிக்னல் வரும் இடங்களை மனப்பாடமாகச் சொல்லச் சொல்கிறேன். வளைவுகளைத் தெரிந்து வைத்திருப்பது போல இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி (நாவலப்பிட்டி): நான் பிரைவேட் பஸ் ஓட்டுறேன். போனைக் கையில எடுக்கிறதில்ல, காதுல புளூடூத்தான். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு. இதுல என்ன பிழை அண்ணே?

பதில்: நீங்கள் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் அண்ணே, ஏனென்றால் இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை. போன் பேசிக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் மாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் மாட்டிப் பேசுவது கையில் பிடித்துப் பேசுவதை விடப் பெரிதாகப் பாதுகாப்பில்லை என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் ஸ்ட்ரேயர் என்பவரின் குழு 2003ல் சோதித்துப் பார்த்தபோது, கை படாமல் போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் தாங்கள் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக் கூடப் பிறகு ஞாபகப்படுத்த முடியாமல் தடுமாறினார்கள்.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது வேறு. வளைவு வந்தால் அவரும் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் அவருக்கும் ரோடு தெரிகிறது. போனில் இருக்கும் மனுசிக்கோ முதலாளிக்கோ நீங்கள் கடவத்தையில் நிற்கிறீர்களா, கினிகத்தேனை வளைவில் இருக்கிறீர்களா என்று தெரியாது. பதிலை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பஸ் வளைவில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒரு பைக் வந்தால், அந்தப் பிள்ளையின் உயிர் உங்கள் கவனத்தில்தான் இருக்கிறது. போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அவசரமென்றால் அவர் எடுத்துச் சொல்லட்டும்.

கேள்வி (மஸ்கெலியா, ஒரு தாய்): மகன் ஹட்டன்ல கடையில வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பைக்ல வாறான். எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கும். வழியில மூணு நாலு தடவை கோல் எடுப்பேன். சில நேரம் பதில் சொல்லமாட்டான், சண்டை வருது.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர் ரோட்டில் இருக்கும் நேரத்தில் அந்தப் போன் அடிக்கக் கூடாது. பதில் சொல்லாவிட்டாலும், அடிக்கிற சத்தமே மனத்தை இழுக்கும். கடையில் இருந்து புறப்படும்போது அவர் உங்களுக்கு ஒரு கோல் எடுக்கட்டும். வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மழை, பனிமூட்டத்துக்கு அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள். அது தாண்டினால் மட்டும் எடுங்கள். இடையில் அவர் நோர்வூட்டில் தேத்தண்ணிக்கு நின்றால் அவரே சொல்லட்டும். அவர் பதில் சொல்லாமல் ஓட்டுகிறார் என்றால் நல்ல பிள்ளை அம்மா. அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

ஹெல்மெட்டையும் ஒருதரம் பாருங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்க வேண்டும். தாடைப் பட்டி இறுக்கமாக மாட்டுகிறாரா என்று வாசலிலேயே பாருங்கள். ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதமும், தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கும் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மீளாய்வு சொல்கிறது. பட்டி போடாத ஹெல்மெட் விழுந்த உடனே தலையை விட்டுக் கழன்று போய்விடும்.

கேள்வி (நானுஓயா): பனிமூட்டத்துல நாலு சிக்னலையும் போட்டுக்கிட்டு ஓட்டுறது சரியா?

பதில்: ஓடும்போது வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்பதும் குழம்பும். டிம் லைட் போதும். ஹை பீம் போட்டால் வெள்ளையாகச் சுவர் மாதிரி உங்கள் கண்ணையே மறைக்கும். 40ல் போனால், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்கும் முன்பே 15 மீற்றருக்கு மேல் போயிருப்பீர்கள். 20 மீற்றர்தான் தெரிகிறது என்றால் 20க்குக் குறையுங்கள். ஓரத்தில் வண்டியை நிறுத்தினால் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்துங்கள். மூட்டத்துக்குள் போனைப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு உங்கள் பின் லைட் கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

கேள்வி (புசல்லாவை): கொண்டை ஊசி வளைவுல எந்தப் பக்கமா எடுக்கணும்? சிலர் நடுக்கோட்டுக்குக் கிட்டப் போனா தூரம் தெரியும்ங்கிறாங்க.

பதில்: தூரம் தெரியும், உண்மைதான். ஆனால் இறம்பொடை, புசல்லாவைப் பக்கம் எதிரே பஸ் வந்தால் அந்த நடுக்கோடு அதற்குத்தான். பார்வையைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு தடவை ஹோர்ன் அடித்து, உங்கள் பாதியின் நடுவில் எடுங்கள். பஸ்ஸின் மூக்கு தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்றுவிடுங்கள். நீளமான வண்டியின் பின் சில்லு உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் உள்பக்கத்தில் இருந்தால் டிரைவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் அவருக்கு உங்களைத் தெரியாது.

கேள்வி (எல்ல): நம்ம பக்கம் சுற்றுலாக்காரர் ஸ்கூட்டியும் ஆட்டோவும் தாங்களே ஓட்டுறாங்க. ரோட்டப் பார்க்கிறதே இல்ல.

பதில்: அவர்களுக்கு நம் மலை புதுசு. இராவணன் நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே கொட்டுகிறது. தலவாக்கலைப் பக்கம் டெவோன், சென்கிளேயர் இரண்டும் ரோட்டிலிருந்தே தெரிகின்றன. உள்ளூர் வேன்காரரும் அங்கே தலையைத் திருப்பத்தான் செய்கிறார். அந்த இடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டி சொல்லாமல் நிற்கும் என்று எதிர்பாருங்கள். வலது பக்கம் ஓட்டிப் பழகிய நாட்டிலிருந்து வந்தவர், நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது பழக்கத்தில் எதிர்ப்பக்கமாக எடுத்துவிடுவார். அந்த நேரத்தில் அவரை முந்தப் போகாதீர்கள்.

கேள்வி (இராகலை): மோதினவர் போன்லதான் இருந்தார், நானே கண்டேன். பொலிஸ்ல எழுதினது சிங்களத்துல. என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது, கையெழுத்து வச்சுட்டு வந்துட்டேன்.

பதில்: இது எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்த அலுவலர் இல்லையென்றால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள், தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். நீங்கள் இப்போதே ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, விடுபட்டதைச் சேர்த்து மேலதிக வாக்குமூலம் கொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மோதியவுடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிஸுக்கு 119. விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தில் அடி இருக்கலாம். வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள். சில்லு இருந்த இடம், பிரேக் தடம், இலக்கத்தகடு, எல்லாம் வரட்டும். “போன் பேசிக்கொண்டு வந்தார்” என்பதை மோதிய நேரத்தோடு சேர்த்து வாக்குமூலத்தில் சொல்லுங்கள். கண்டவர்களின் பெயரையும் இலக்கத்தையும் அங்கேயே வாங்குங்கள். கொழுந்து நிறுக்க நின்ற அக்காமார் கண்டிருந்தால் அவர்கள் சாட்சியும் சாட்சிதான். ரோட்டிலேயே காசை வாங்கிக்கொண்டு முறைப்பாடு இல்லாமல் போனால், நாளைக்குக் கால் வீங்கும்போது இன்சூரன்ஸ் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கேள்வி (பண்டாரவளை): ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிப் பேசுறது?

பதில்: வேண்டாம். மேலே பஸ்கார அண்ணனுக்குச் சொன்னது அப்படியே உங்களுக்கும் பொருந்தும். அவருக்கு இரும்புக் கூடு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதோடு ஒரு காதை மூடிவிட்டால், வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஹோர்ன் எந்தத் திசையில் என்று தெரியாது.

கேள்வி (பசறை): நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். பைக்காரங்களுக்காக நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கிறது. சந்தியில் எடுக்கும் முன் உடம்பை முன்னால் சாய்த்து, தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். வலம், இடம், மறுபடி வலம். ஒரு பார்வையில் நிற்காதீர்கள். “பைக் வருகிறதா?” என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே பாருங்கள், தேடுகிற பொருள்தான் கண்ணில் படும். பிள்ளைகளை இறக்கும்போது இடப்பக்கக் கதவுக்கும் ஓரத்துக்கும் நடுவில் பைக் நுழையாத அளவுக்கு ஓரமாக நிறுத்துங்கள். பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள், காலை ஓட்டம் முடியும்வரை உங்கள் போனுக்கு எடுக்க வேண்டாம் என்று. வேனில் உதவிக்கு ஆள் இருந்தால் அவருடைய இலக்கத்தைக் கொடுங்கள்.