துத்தநாகத் தகடு: செறிவைக் கூட்டியும் மின்காட்டியின் இலை சரியாதது ஏன்?

மின்காட்டி (மின்னூட்டம் இருப்பதை இலை விரிந்து காட்டும் கருவி) மேல் எதிர்மின்னூட்டம் பெற்ற துத்தநாகத் தகட்டை வைத்து, வெள்ளொளியின் செறிவை, அதாவது பிரகாசத்தை, கூட்டியும் இலை சரியவில்லை என்பது உங்கள் கேள்வி. தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறி மின்னூட்டம் குறைந்தால்தான் இலை சரியும். ஒளியின் செறிவு இங்கே உதவாது. நீங்கள் பயன்படுத்தும் வெள்ளொளி விளக்கை எத்தனை மடங்கு பிரகாசமாக்கினாலும், எதிர்மின்னூட்டம் பெற்ற துத்தநாகத் தகட்டிலிருந்து எலக்ட்ரான் வெளியேறாது.

துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு). ஊதா நிற ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் (ஒளியின் ஆற்றல் துணுக்கு) கூட சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட்தான் உள்ளது. ஓர் எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரே ஃபோட்டானை மட்டுமே உட்கவர்கிறது. கிடைத்த ஆற்றல் போதாதபோது, அடுத்த ஃபோட்டான் வரும்வரை அதைச் சேமித்து வைக்க முடியாமல், மிகக் குறுகிய நேரத்திலேயே உலோகத்துக்குள் வெப்பமாக இழந்துவிடுகிறது. செறிவைக் கூட்டியபோது தகடு சற்றுச் சூடாகியிருக்கும், அவ்வளவுதான்.

புற ஊதா விளக்கிலும் இதே நிலை நீடித்தால், பெரும்பாலும் தகட்டின் மேல் படிந்த ஆக்சைடுதான் காரணம். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, உடனே எதிர்மின்னூட்டம் அளித்து, 288 நானோமீட்டருக்கும் (4.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இணையான அலைநீளம்) குறைந்த அலைநீளம் தரும் விளக்கைக் காட்டுங்கள். இலை சரியத் தொடங்கியதும் இடையில் சாதாரணக் கண்ணாடித் தகட்டை நுழைத்தால், அது அந்தப் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், சரிவு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அந்த விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், தோலிலும் படவிடாதீர்கள். மேலும், வலிமையான லேசரில் பல ஃபோட்டான்கள் சேர்ந்து செயல்படுவதுண்டு. உங்கள் விளக்குக்கு அது பொருந்தாது.