ஏறிய டயர் எல்லாம் பொருந்திய டயர் ஆகுமா?

காரோடு வந்த ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலப்படுத்தலாமா என்று கேட்ட ஒரு வாசகருக்கு முன்பு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்தச் சுருக்கம் பலருக்குப் போதவில்லை என்பதைப் பின்னர் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அளவுகளை மட்டும் எழுதியவர்கள் தந்தபடியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் சிறிய காரில் கம்பெனியிலிருந்து வந்த டயர் 155/80 ஆர்13. ரிம்மின் அகலம் 4.5 அங்குலம். 175/70 ஆர்13 போட்டால் ரிம்மை மாற்ற வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் உள்ள முதல் எண் மில்லிமீட்டரில் அதன் அகலம். சாய்கோட்டுக்குப் பின் வருவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் உங்கள் பழைய டயரின் மொத்த விட்டம் 578 மி.மீ., புதியதன் விட்டம் 575 மி.மீ. என்று வரும். அரை சதவீத வேறுபாட்டை ஸ்பீடோமீட்டர் பொருட்படுத்தாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரிம். 175/70 ஆர்13 அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 4.5 அங்குலத்திலிருந்து 6 அங்குலம் வரை என்பதால், உங்கள் ரிம் அந்த வரம்பின் கீழ்ப்படியில் நிற்கிறது. ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மி.மீ. சுருங்கும். 175 என்ற எண் 5 அங்குல ரிம்மில் மாட்டி அளந்தபோது வருவது. உங்கள் பழைய 155 டயரோ 4.5 அங்குல ரிம்மிலேயே அளக்கப்பட்டது. ஆகவே 20 மி.மீ. கூடும் என்று எண்ணி நீங்கள் வாங்குவதில் கைக்கு வருவது 15 மி.மீ. மட்டுமே. இது தவறான கொள்முதல் அன்று. எதற்காகக் கூடுதல் விலை தருகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு தாருங்கள்.

கேள்வி: 165/65 ஆர்13 தள்ளுபடியில் கிடைக்கிறது. என்னுடையதும் 155/80 ஆர்13 தான். 10 மி.மீ. அகலம் கூடுவதால் பாரமும் கூடுதலாகத் தாங்கும் அல்லவா?

பதில்: தாங்காது. டயரின் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் சுமைக் குறியீடு. 155/80 ஆர்13 டயரில் வழக்கமாக இருக்கும் 79 என்பது ஒரு டயருக்கு 437 கிலோவைக் குறிக்கிறது. நீங்கள் சொல்லும் 165/65 ஆர்13 டயரில் இருப்பது பெரும்பாலும் 77, அதாவது 412 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்தால் 100 கிலோ குறைகிறது. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. பக்கச் சுவர் தாழும்போது காற்றுக்கான இடமும் குறைந்துவிடுகிறது. மொத்த விட்டமும் 33 மி.மீ. குறைவதால் காரின் அடிப்பகுதி தரைக்கு ஏறத்தாழ 17 மி.மீ. நெருங்கிவரும். தள்ளுபடி ஏன் கிடைக்கிறது என்பதை அந்த டயரே உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: 4.5 அங்குல ரிம்மில் 155/80 ஆர்13 இருந்தது. டயர் கடையில் "ஏறிவிடும்" என்று சொல்லி 185/60 ஆர்13 மாட்டிவிட்டார்கள். ஆறு மாதத்தில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. இரு ஓரங்களும் புதிது போலவே இருக்கின்றன. நான் காற்றை அதிகமாக அடித்ததுதான் காரணம் என்கிறார்கள். காரின் கதவுப் பட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் நான் அடித்ததே இல்லை.

பதில்: உங்கள் மீது குற்றம் இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் "ஏறிவிடும்" என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு இருக்கிறது.

டயர் என்பது இறுக்கமான காற்றைக் கொண்டு ரிம்மின் விளிம்பில் தள்ளி உட்காரவைக்கப்படும் பொருள். போதுமான காற்றை அடித்தால், தனக்கு உரியதல்லாத ரிம்மிலும் அது "டப்" என்ற ஓசையோடு உட்கார்ந்துவிடும். அந்த ஓசையைத்தான் கடைக்காரர்கள் பொருத்தத்திற்கான சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் 185/60 ஆர்13 அளவுக்கு உரிய ரிம் 5 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. அதைவிடக் குறுகிய ரிம்மில் மாட்டும்போது டயரின் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பக்கச் சுவர்கள் பலூன் போலப் புடைத்து, தரையைத் தட்டையாகத் தொட வேண்டிய முகம் நடுவில் மேடாகிறது. காற்று சரியாக இருந்தாலும் நடுப்பகுதியே பாரத்தைச் சுமப்பதால் அதுவே முதலில் தேய்கிறது. கதவுப் பட்டியில் உள்ள அழுத்தம்கூட 155 டயருக்காக எழுதப்பட்டதே அன்றி, உங்கள் தலையில் கட்டப்பட்ட டயருக்காக எழுதப்பட்டது அன்று.

தேய்மானத்தோடு தீர்ந்துவிடும் நட்டமும் இல்லை இது. வளைவில் திருப்பும்போது புடைத்த பக்கச் சுவர் முதலில் சாய்ந்து கொடுக்கும், அதன் பிறகுதான் கார் திரும்பும். அந்தத் தாமதத்தை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். காற்று குறைந்த நிலையில் வேகமாகத் திருப்பினால் விளிம்பு ரிம்மை விட்டு நழுவவும் கூடும். மொத்த விட்டம் 578 மி.மீட்டரிலிருந்து 552 ஆகக் குறைந்ததால் முன்பு 95 கிலோமீட்டர் என்று காட்டிய அதே வேகத்துக்கு இப்போது ஸ்பீடோமீட்டர் ஏறத்தாழ 100 காட்டும். ஓடாத தூரமும் ஓடியதாகக் கணக்கில் ஏறும். மைலேஜ் கூடியிருப்பதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்கும் இதுவே காரணம். எரிபொருள் மிச்சமாகவில்லை, மீட்டர்தான் மிகைப்படுத்துகிறது.

செய்ய வேண்டியது இது. ரிம்மில் "4.5ஜே X 13" என்பது போல அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் நிறுவனம் வெளியிடும் தொழில்நுட்பப் பட்டியலில் உங்கள் அளவுக்கு நேரே அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தையும் ரசீதையும் சேர்த்து, மாட்டிக் கொடுத்த கடைக்கு எழுத்து மூலம் அனுப்பி, மாற்றித் தரும்படி கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறுபடியும் காற்றைப் பற்றியே பேசுவார்கள். அளவு தெரிந்த தொழிலாளி அளவு தெரியாத வாடிக்கையாளருக்குத் தவறான பொருளை மாட்டிவிட்டு, பழியையும் அவர் மீதே போடுவதை என்னால் சாதாரண வணிகத் தகராறாகக் கருத முடியவில்லை. மாற்றும் வரை அந்த டயர்களில் வேகமாகச் செல்ல வேண்டாம்.

கேள்வி: அதே 4.5 அங்குல ரிம்மில் 195 போட்டால் கார் கம்பீரமாக இருக்குமா?

பதில்: நிறுத்தி வைத்திருக்கும் வரை இருக்கும்.

கேள்வி: அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும், பிரேக் அடித்தால் சீக்கிரம் நிற்கும் என்று நம்பி வாங்கலாமா?

பதில்: இதே நம்பிக்கையில் நான் ஒரு முறை நான்கு டயர் வாங்கினேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத சிறிய கார். நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கிணற்றில் நீர் இறைப்பது போலத் தோள் வலித்தது. முதல் பெருமழையில், தேங்கிய நீரின் மேல் ஸ்டீயரிங் திடீரென்று இலேசானபோதுதான் அகலத்தின் மறுபக்கம் புரிந்தது. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் காரின் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. டயரை அகலப்படுத்தினால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் நீண்டு முன்பின்னாகக் குறுகுகிறது. வளைவில் அது கொஞ்சம் உதவும். தேங்கிய நீரிலோ, ஒரே நேரத்தில் அதிக அகலத்துக்கு நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால் டயர் விரைவில் மிதக்கத் தொடங்குகிறது.

ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதை அகலத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை ரப்பரின் கலவையும், பள்ளங்களின் அமைப்பும், அவற்றின் ஆழமும்தான். அகலத்துக்குத் தரும் கூடுதல் விலையில், பழைய அளவிலேயே ஒரு படி தரமான டயரை வாங்கியிருக்கலாம் என்பது அந்த அகல டயர்களை விற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதி விலைக்கு அவற்றை வாங்கிக்கொண்டவர் இன்றும் என்னோடு பேசுகிறார். அது அவருடைய பெருந்தன்மை.

கேள்வி: இணையத்தில் நல்ல சலுகை வந்ததால் 185 டயர் நான்கு வாங்கிவிட்டேன். முழுதாகத் திருப்பும்போது ஏதோ உரசுகிறது. பின் இருக்கையில் ஆள் இருந்தால் பின்பக்கமும் உரசுகிறது. என் பழைய டயரின் அளவு நினைவில்லை. மட்கார்டின் உள்பகுதியை வெட்டிவிடலாமா, சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் ஸ்பேசர் வளையம் போடலாமா?

பதில்: பழைய டயரின் அளவு தெரியாமல் புதிய டயர் வாங்கியவர் இப்போது காரை வெட்டக் கிளம்பியிருக்கிறார். அந்த அளவு உங்கள் கதவுப் பட்டியில், தினமும் நீங்கள் ஏறி இறங்கும் இடத்தில் எழுதியிருக்கிறது.

அகலம் 30 மி.மீ. கூடினால் இருபுறமும் 15 மி.மீ. வீதம் நீளும். வெளிப்புறம் உரசினால் கண்ணுக்குத் தெரியும். உட்புறம் ஸ்பிரிங்கை ஒட்டிய பகுதியிலோ பிரேக் குழாயிலோ உரசினால் தெரியாது, அதுவே ஆபத்து. டயரின் உள்பக்கத் தோளில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ஓட்டிவிட்டு, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பேசர் போட்டால் உட்புற உரசல் வெளிப்புறத்துக்கு நகர்வதோடு சக்கர பேரிங்கின் மீதும் பாரம் கூடும். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் அந்த வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் அகல டயர் போட்டால் செலவு பாதிதானே?

பதில்: பாதிதான், ஆனால் வழுக்கும் சாலையில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுழல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நான்கும் ஒரே அளவில் இருக்கட்டும். இரண்டு மட்டுமே புதிதாக வாங்க முடிந்தால், பழைய அளவிலேயே வாங்கிப் பின்னால் போடுங்கள். முன் சக்கர இயக்கம் உள்ள காருக்கும் இதுவே பொருந்தும்.

கேள்வி: 175/70 ஆர்13 புதிது என்று முழு விலை வாங்கினார்கள். ஓர் ஆண்டுக்குள் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் வந்துவிட்டன. தேதியைத் தேடினால் வெளிப்பக்கம் எதுவும் இல்லை.

பதில்: காரின் அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்களே தயாரிப்புத் தேதி. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பல டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்நோக்கி வைத்து மாட்டிவிட்டால் வாங்கியவர் பல மாதங்களுக்குப் பார்க்கவே மாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும். என்னிடமும் இப்படிப் பழைய சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள். இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய பிறகுதான் அது நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதிகம் விற்காத அளவுகள் கடையில் நெடுநாள் கிடக்கும் என்பதால் அளவு மாற்றுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். தேதி இலக்கங்களைப் படம் எடுத்து ரசீதோடு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் டயரைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: டயரிலேயே அதிகபட்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கிறது. அகல டயருக்கு அந்த அளவு அடிக்கலாமா?

பதில்: அது அந்த டயருக்கான எல்லை, உங்கள் காருக்கான அளவு அன்று.

கேள்வி: அப்படியானால் ரிம்மையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன். 5.5 அங்குல அகலமுள்ள 14 அங்குல அலாய் ரிம்மும் 175/65 ஆர்14 டயரும் சரியா? முன்பு இருந்தது 155/80 ஆர்13.

பதில்: கணக்கு போட்டுவிட்டுக் கேட்கும் கடிதம், மகிழ்ச்சி. விட்டம் 583 மி.மீ., பழையதைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. 175/65 ஆர்14 டயருக்கு 5 முதல் 6 அங்குல ரிம் அனுமதிக்கப்பட்டிருப்பதால் நீங்கள் சொல்லும் ரிம் நடுவில் அமைகிறது. மீதி மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் விட்டம், ரிம்மின் மேல் ஈ.டி. என்று குறிக்கப்படும் ஆஃப்செட், அதாவது ரிம் காரோடு பொருந்தும் முகம் அதன் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. முதலாவதில் கவனம் தேவை, ஏனென்றால் 98 மி.மீ. வட்டத்துக்கான ரிம்மை 100 மி.மீ. வட்டத்தில் வலிந்து முடுக்கிவிட முடியும். ஆஃப்செட் எண் பழையதைவிடக் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பழைய 155/80 ஆர்13 அளவையே மறுபடியும் வாங்கப்போகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: வாங்குங்கள், சிரிப்பவர்கள் யாரும் உங்களுக்கு டயர் வாங்கித் தரப்போவதில்லை. என் காரிலும் இப்போது ஓடுவது கம்பெனி அளவுதான். மாட்டும் முன் தேதியைப் பார்த்து, அளவையும் தேதியையும் ரசீதில் எழுதச் சொல்லி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் அன்றே வெளியே எடுத்துப் பாருங்கள். என்னுடையதை எடுத்தபோது, காரோடு வந்த அந்த டயருக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது, காற்றும் இல்லை.