உதவி மையத்துக்குப் போனால் மதிப்பு குறையுமா?

ஐயா, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போயிருக்கும் உங்கள் மகள், அங்குள்ள மாணவர் உதவி மையத்தின் வழிகாட்டித் திட்டத்தில் சேர மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 'படிப்பு வராதவள்' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். அது வீண் பயம் என்று சொல்லமாட்டேன். சில மையங்கள் நடத்தும் விதமே அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் 1970களில் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்ததை அவளிடம் சொல்லுங்கள். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வம் இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் காரணம் அடுக்கினார்கள். அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன், மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். ஒரு காரணமும் பொருந்தவில்லை. அவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்தினார்கள். ட்ரைஸ்மன், படிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று துணைப்பாட வகுப்பு வைக்கவில்லை. குழுவாக உட்காரவைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது.

ஆகவே உங்கள் மகள் அந்த மையத்தில் முதலில் கேட்க வேண்டியது, சேர்ந்து படிக்கும் குழு இருக்கிறதா என்பதைத்தான். வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது திருத்திய விடைத்தாள் ஒன்றைக் கொண்டுபோகட்டும். "எப்படிப் படிக்கணும்?" என்று கேட்டால் "நல்லாப் படிம்மா" என்ற பதில்தான் வரும். "இந்த இடத்தில் மதிப்பெண் ஏன் போனது?" என்று கேட்டால் பேச்சு நகரும். எந்தப் பேராசிரியர் ஆய்வு வேலைக்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதையும் விசாரிக்கட்டும். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கிற நாளில், அவளை நேரில் அறிந்த ஒருவர் வேண்டும். அறிவிப்புப் பலகையில் வராத இத்தகைய தகவல்கள், பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன.

தூக்கம் கெடுகிறது, வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை என்றால், அது வழிகாட்டியின் வேலை அல்ல. மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆளை நம்பியிருக்க வேண்டாம்.

உங்களுக்கும் ஒன்று. "என் பொண்ணு என்ன சொன்னா?" என்று ஆலோசகரைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து போன்ற நிலை இல்லாவிட்டால் அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் அவள் அங்கே வாய் திறக்கமாட்டாள்.

முதல் சந்திப்பு இந்த மாதமே நடக்கட்டும். தேர்வு முடிவு வந்தபிறகு அங்கே கூட்டம் அதிகம், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைவு.